அந்தி வேளையில் ஆந்தைக்காகக் காத்திருத்தல்: மலையகத்தாருக்கு ஒரு வழிகாட்டி

காட்டு ஆந்தையைக் காண விரும்புகிறவர் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரே இடத்துக்குப் பல மாலைகள் திரும்பத் திரும்பச் சென்றாலே போதும். நம் இலங்கை மலைகளில் வாழும் ஆந்தைகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் தமக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதனுள்ளேயே வாழ்பவை. ஆகவே பத்துக் காடுகளை ஒவ்வொரு முறை பார்ப்பவரைவிட, ஒரே காட்டோரத்தில் பத்து மாலைகள் அமர்ந்திருப்பவருக்கே அவை கண்ணில் படுகின்றன.

இடத்தைத் தெரிவு செய்யும்போது முதிர்ந்த மரங்களைத் தேடுங்கள். பழுப்புக் காட்டு ஆந்தை போன்ற பெரிய ஆந்தை முட்டையிட மரப்பொந்து வேண்டும். அத்தகைய பொந்து இளமரங்களில் அமைவதில்லை. தேயிலை மலையின் மேல் விளிம்பில் வெட்டப்படாமல் நிற்கும் சோலைத் துண்டு, ஓடை இறங்கும் பள்ளத்தாக்கு, பழைய பங்களாவைச் சூழ்ந்த மரக்கூட்டம் ஆகியவை நல்ல இடங்கள். வெலிமடைப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே அமைந்துள்ள சரே பறவைகள் சரணாலயம் பழுப்புக் காட்டு ஆந்தைக்குப் பெயர் பெற்றது. கண்டியில் உடவத்தகலை, நுவரெலியாவில் கல்வேஸ் லேண்ட், அதற்கப்பால் ஹக்கல ஆகியவற்றையும் பார்க்கலாம். எனினும் பாதுகாக்கப்பட்ட காடுகளில் அந்திக்குப் பிறகு தங்குவதற்கு அனுமதி இருப்பதில்லை. பகலில் உள்ளே நடந்து இடத்தைப் பழகிக்கொண்டு, மாலையில் வெளியே பொதுப் பாதையோரம் நின்று கேட்பதே முறை.

மழையும் பலத்த காற்றும் உள்ள நாட்களில் ஆந்தையின் குரல் நமக்கு எட்டாது. அதற்கும் இரையின் ஓசை எட்டாது. தை தொடக்கம் பங்குனி வரையிலான வறண்ட மாதங்களே இதற்கு ஏற்றவை. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மணிக்கு, இடத்துக்குச் சென்று அமர்ந்துவிட வேண்டும். நம் நாட்டில் அந்தியொளி நீடிப்பதில்லை. மறைந்த அரை மணி நேரத்துக்குள் இருள் மூடிவிடும். அந்தச் சிறு இடைவெளியில்தான் ஆந்தை விழித்து, சிறகை உதறி, முதற்குரலை எழுப்பும்.

நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்மீது உறைபனி படிவதுண்டு. ஆகவே கம்பளிச் சட்டை அவசியம். உராய்ந்து சத்தமிடும் மழைச்சட்டையைத் தவிர்த்து, மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமான இடங்களில் அட்டைக்காகக் காலுறையைக் காற்சட்டைக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். அது பாதை காண மட்டுமே. தனியே செல்லாதீர்கள். தேயிலை மலைகளில் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் நடமாடுகின்றன என்பது நமக்குத் தெரிந்ததே. ஒருவரேனும் துணைக்கு இருக்க வேண்டும். வீட்டாருக்கு இடத்தைச் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும்.

இனி, காதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இக்கலையின் பெரும்பகுதி கேட்பதிலேயே உள்ளது. நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். மாலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலேயுள்ள மரங்களிலிருந்து கோட்டான் அலறினால் அப்பாயி கதவைச் சாத்தச் சொல்வார். யார் வீட்டில் என்ன நேருமோ என்று அன்றிரவு முழுவதும் பேச்சு நடக்கும். பல ஆண்டுகள் கழித்து, அதே மரங்களுக்குக் கீழே அமர்ந்து கேட்டபோதுதான் அவை இரண்டு குரல்கள் என்பதை அறிந்தேன். ஒன்று அழைக்க, சற்றே வேறுபட்ட தொனியில் மற்றொன்று விடையளித்தது. நாங்கள் அஞ்சி நடுங்கிய ஒலி, ஓர் இணை தம்முள் பேசிக்கொண்ட பேச்சு என்பது புலப்பட்ட அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. அப்பாயி உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்று கேட்கவைத்திருப்பேன்.

பழுப்புக் காட்டு ஆந்தையின் குரல் ஒரு தனி ‘ஊ’வில் தொடங்கி, சிறு இடைவெளிக்குப் பின் ‘ஊஹூஹூ’ என்று நடுங்கித் தொடரும். வேட்டைக்கார ஆந்தை ‘கூ-உக், கூ-உக்’ என்று ஒரே சீராகப் பலமுறை அடுக்கிச் சொல்லும். ஆறு, குளங்களையொட்டி வாழும் மீன் ஆந்தையின் குரல் பானைக்குள் வாய் வைத்து ஊதினாற்போல் ஆழமாக ஒலிக்கும். இரு கைக்குள் அடங்கிவிடும் அளவிலான சிறு கொம்பாந்தையோ ஒற்றை அசையில், கேள்வி கேட்பதுபோல் மெல்ல ஒலியெழுப்பி, சில நொடிகள் கழித்து அதையே மீண்டும் கேட்கும். சிங்களத்தில் ஆந்தையைப் ‘பகமூணா’ என்கிறார்கள். இச்சிறு ஆந்தையின் அறிவியற் பெயராகிய ‘ஓட்டஸ் பக்கமோனா’ அச்சொல்லிலிருந்தே 1769இல் அமைந்தது.

குரல் கேட்டவுடன் அதை நோக்கி நடக்காதீர்கள். திசையை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் நூறடி அருகே அமருங்கள். பொறுமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். தீபால் வாரக்காகொட என்ற பறவையியலாளர், இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டில் தமக்குப் பழக்கமில்லாத ஓர் ஆந்தைக் குரலை 1995இல் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையை அவர் கண்ணால் கண்டது 2001 ஜனவரி 23ஆம் நாள். செரண்டிப் ஆந்தை என்று 2004இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான அந்தப் பறவை, 1868க்குப் பின் இந்நாட்டில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினம். ஒரு குரலுக்கும் அதன் உருவத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் காத்திருக்க முடியுமென்றால், நாம் ஆறு மாலைகள் காத்திருக்கலாம்.

பகலிலும் தடயங்களைத் தேடலாம். அடிமரத்தருகே சுண்ணாம்பு தெளித்தாற்போன்ற எச்சம், எலியின் மயிரும் சிறு எலும்புகளும் கலந்து உருண்டையாகக் கிடக்கும் கக்கல் ஆகியவை மேலே ஆந்தை தங்குமிடம் உண்டு என்பதற்கு அடையாளங்கள். கொண்டைக்குருவியும் கரிக்குருவியும் வெள்ளைக்கண்ணியும் ஒரே கிளையைச் சூழ்ந்து ஓயாமல் இரைந்தால், அங்கே உறங்கும் ஆந்தையை அவை கண்டுகொண்டன எனலாம். இலங்கைக்கு மட்டுமே உரிய செம்முதுகுச் சிற்றாந்தை பகலிலேயே நடமாடும் இயல்பினது. ஈரவலயக் காட்டின் உயர்ந்த கிளைகளை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் அதைக் காணலாம்.

ஆந்தை கண்ணெதிரே வந்து அமர்ந்துவிட்டால், எதுவும் செய்யாமல் இருப்பதே நீங்கள் செய்ய வேண்டியது. விரலை நீட்ட வேண்டாம். பைனாகுலரை அங்குலம் அங்குலமாக உயர்த்துங்கள். பழுப்புக் காட்டு ஆந்தையானால் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமும், கொம்பற்ற உருண்டைத் தலையும், கருவிழிகளும், வயிற்றில் நெருங்கிய குறுக்குக் கோடுகளும் தெரியும். மீன் ஆந்தையானால் மஞ்சள் விழியும் காதருகே கொம்புபோன்ற இறகுக் கற்றைகளும் தெரியும். ஆந்தையால் விழியைச் சுழற்ற இயலாது. ஆகவே முழுத் தலையையும் திருப்பியே அது உங்களைப் பார்க்கும். அது பறக்கும்போது ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். காட்டு ஆந்தையின் சிறகு விளிம்பில் சீப்புப் பல்போன்ற மென்னிழைகள் காற்றைப் பிரித்து ஓசையை அடக்கிவிடுகின்றன. தலைக்கு மேல் அது கடந்து சென்றாலும் நிழல் அசைவதன்றி வேறொன்றும் உணரப்படாது. நீருக்குள் இருக்கும் மீனுக்கு இறகோசை பெரிதும் எட்டாததாலோ என்னவோ, மீன் ஆந்தைக்கு அந்த நயம் அமையவில்லை. அதன் சிறகடிப்பை நம்மால் கேட்க முடியும்.

உடலை ஒடுக்கி நெட்டுக்குத்தாக நீண்டு, கண்ணைக் கீற்றாக்கிக்கொண்டால் அது உங்களைக் கண்டு அஞ்சுகிறது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். கைத்தொலைபேசியில் ஆந்தைக் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடுவதை நான் முற்றாக மறுக்கிறேன். தன் எல்லைக்குள் வேற்று ஆந்தை புகுந்ததென்று எண்ணி, அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். பிளாஷ் வெளிச்சமும் வேண்டாம். பொந்துள்ள பட்ட மரத்தை விறகுக்காக வெட்டுவோரிடமும், மரக்கறித் தோட்டத்தில் எலிப்பாஷாணம் வைப்போரிடமும் பணிவாகப் பேசிப் பாருங்கள்; நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடிகிறது.

புறப்படும்போது ஆந்தை பறந்து போகும்வரை காத்திராமல், அது இருக்கும்போதே எழுந்து வாருங்கள். முதல் முப்பதடி தூரம் விளக்கின்றி, கால்களால் தரையைத் தடவியபடி பின்னோக்கி நடந்து, தேயிலை வரிசைக்குள் வந்த பிறகே டோர்ச்சைக் கீழ்நோக்கி ஏற்றுங்கள். வீடு வந்ததும் நாள், நேரம், நிலவின் அளவு, அமர்ந்திருந்த கிளை, கேட்ட குரல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாளை மாலை எந்தக் கல்லின்மீது அமர வேண்டும் என்பதை அக்குறிப்பே சொல்லும்.