மறுமலர்ச்சித் திருவிழாவுக்கு ஒரு ஃபோம் வாள்

அமெரிக்காவில் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாக்கள் 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கின. இன்றும் பலர் பழைய ஐரோப்பிய உடையில் ஆசையாகப் போகிறார்கள். நீங்களும் போவதென்றால் வாளைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

10 மி.மீ. தடிமனுள்ள ஈவா ஃபோமில் (ரப்பர் போல வளையும் நுரைத் தகடு) ஒரே அளவில் இரண்டு வாள் வடிவங்களை வெட்டுங்கள். உள்பக்கம் பள்ளம் கீறி நடுவே ஓர் உருண்டை மரக்குச்சியை வையுங்கள். குச்சி கைப்பிடியின் அடிவரை போக வேண்டும். இல்லையென்றால் வாள் கைப்பிடிக்கு மேலேயே ஒடியும். கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த நெடி நல்லதல்ல. அப்புறம் ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) லேசாகச் சூடுகாட்டினால் நுண்துளைகள் மூடிவிடும். முதலில் கறுப்பு, மேலே வெள்ளி வண்ணம். விளிம்பில் வெள்ளியைக் கொஞ்சம் கூடுதலாகத் தேயுங்கள், இரும்பு போலவே இருக்கும்.

அணிவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலது கைக்காரர்கள் இடது இடுப்பில் மாட்ட வேண்டும். உறையை ஒரே வாரில் தொங்கவிட்டால் காலில் இடிக்கும். இரண்டு வார்களில், நுனி பின்னால் சரியும்படி மாட்டுங்கள். கூட்டத்தில் திரும்பும்போது கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்தாதீர்கள். நுனி எழும்பிப் பின்னால் வரும் குழந்தையின் முகத்தில் படலாம்.

பல விழாக்களில் வாளை உறையோடு சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். உடைக்குப் பொருந்தும் தோல் கயிற்றால் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.