சொல்லுக்குத் தாய்ப்பத்திரம் பார்ப்பது எப்படி?

நாகப்பட்டினத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள் நான். ஒருநாள் நாகூரிலிருந்து பாகப்பிரிவினைக்கு வந்தவர், "வாப்பா மௌத்தாகி நாலு மாசம் ஆச்சுக்கா" என்றார். நான் "காலமாகிவிட்டபடியால்" என்று எழுதினேன். ஆனால் அந்த மௌத்து காதைவிட்டுப் போகவில்லை. அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். அரபு வரை போகும் என்று தெரியும். அதையும் தாண்டி, மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின களிமண் பலகையில் ஒரு தெய்வத்தின் பெயராக அது கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில், சொல்லை யார் வாயில் கேட்டீர்களோ அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பக்கத்திலேயே அது எந்த வழியாக நம்மிடம் வந்திருக்கும் என்றும் குறியுங்கள். அரபு, எபிரேயம், அரமேயம், பாபிலோனில் பேசிய அக்காடியம் எல்லாம் செமித்தியக் குடும்பத்து மொழிகள். அந்தச் சொற்கள் நம் கரைக்குக் கப்பல் வியாபாரத்தோடு வந்தன, தொழுகையோடு வந்தன, தாலுகா கச்சேரியோடு வந்தன, 1715-ல் தரங்கம்பாடியில் அச்சடித்து முடித்த புதிய ஏற்பாட்டோடும் வந்தன. வந்த வழி தெரியாத சொல்லை நான் நோட்டில் பென்சிலால்தான் எழுதுவேன். தாய்ப்பத்திரம் இல்லாத நிலத்துக்குக் கிரயம் எழுதுவோமா?

அடுத்து, உயிரெழுத்தை உதறிவிட்டு மெய்யை மட்டும் எடுங்கள். செமித்திய மொழிகளில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களில்தான் நிற்கும். மாதா கோயிலில் சொல்கிற ஆமென், பள்ளிவாசலில் சொல்கிற ஆமீன், ஒருவரை நம்பிக் கொடுத்து வைக்கிற அமானிதம், ஜப்தி உத்தரவோடு வீட்டுக்கு வருகிற கோர்ட் அமீனா, நாலுக்கும் வேர் ஒன்றுதான். உறுதி, நம்பிக்கை என்பது அதன் பொருள். ஆமென் என்பது தமிழ் 'ஆம் என்' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எகிப்தின் அமுன் தெய்வம் என்பார்கள் வேறு சிலர். வேரை எடுத்து வைத்தால் இரண்டும் நிற்காது.

அப்புறம் உடன்பிறப்புகளைத் தேட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் பல சொற்களுக்கு மூலமொழியைக் காட்டும். அங்கிருந்து அரபு அகராதிக்குப் போகலாம். அக்காடியத்துக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்து அகராதி இருக்கிறது. 2011-ல் முடித்தார்கள், இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். மௌத்துக்குப் பார்த்தபோது அரபில் மவ்த், எபிரேயத்தில் மாவெத், அக்காடியத்தில் மூத்து என்று கிடைத்தது. எல்லாவற்றுக்கும் பொருள் சாவு. சிரியாக் கரையில் இருந்த உகரித் நகரத்தில் அதே சொல் மோத், சாவின் தெய்வம்.

அந்த நகரம் வெளியே வந்த கதையே நம்மூர்க் கதை மாதிரி இருக்கும். 1928-ல் ஒரு குடியானவர் உழும்போது கொழு கல்லில் இடித்தது. அது பழைய கல்லறையின் மூடுகல். மறுவருஷம் தோண்ட ஆரம்பித்தார்கள். களிமண் பலகைகள் கிடைத்தன, முப்பது எழுத்துகளில் எழுதியவை. அதில் பாஅல் என்கிற மழைத் தெய்வத்தின் கதை இருக்கிறது. மேகத்தின் மேல் ஏறி வருகிறவன் என்று அவனுக்குப் பட்டம். அவனை மோத் விழுங்கிவிடுகிறான், வயல் சால்கள் வறண்டு போகின்றன. அனாத் என்ற தேவி மோத்தைப் பிடித்து வாளால் பிளக்கிறாள், முறத்தில் புடைக்கிற மாதிரி சல்லடையால் தூற்றுகிறாள், நெருப்பில் சுடுகிறாள், திருகையில் அரைக்கிறாள், வயலில் விதைக்கிறாள். சாவை நெல்லாக்கி வேலை பார்க்கிறாள் அவள். பிறகு மூத்த தெய்வம் ஏல் ஒரு கனவு காண்கிறான். வானம் எண்ணெயாகப் பொழிகிறது, ஓடைகளில் தேன் ஓடுகிறது. பாஅல் உயிரோடு இருக்கிறான் என்று அதில் தெரிந்துகொள்கிறான். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷத்தில் இதைப் படித்தேன். இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை.

இங்கேதான் முக்கியமான கேள்வி வரும். சொல் மூத்ததா, தெய்வம் மூத்ததா? அவசரப்பட்டு, 'மௌத்து ஒரு பழைய தெய்வத்தின் பெயர்' என்று எழுதிவிடக் கூடாது. சாவு என்ற பொருளில் அந்தச் சொல் குடும்பம் முழுக்க இருக்கிறது. அதனால் சொல்தான் மூத்தது, உகரித்தில் அதற்குக் கையும் வாயும் வைத்துத் தெய்வமாக்கினார்கள்.

பாஅல் விஷயம் வேறு. தமிழ் பைபிளில் பாகால் என்று வரும். அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் எசமான், உடையவன். அதிலிருந்து இரண்டு கிளை பிரிகிறது. ஒன்று, அரபில் 'பஅல்' என்றால் கணவன். இந்தக் கிளையில் தெய்வத்துக்கு வேலை இல்லை. இன்னொரு கிளைதான் என்னைப் போன்ற பத்திரக்காரிக்குப் புதையல். அதே 'பஅல்', பாய்ச்சாமல் விளைகிற நிலத்துக்கும் பெயர். கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்டநூல் மிஷ்னாவிலும் வாய்க்கால் பாய்கிற நிலம் ஒரு வகை, பாஅலின் நிலம் ஒரு வகை. மழைத் தெய்வத்தை நம்பிக் கிடந்த நிலம் என்பதால் வந்த பெயர். தெய்வத்தை மறந்து பல நூறு வருஷமாகியும் நிலத்தின் பெயர் போகவில்லை. இஸ்லாத்தில் விளைச்சலிலிருந்து கொடுக்க வேண்டிய கட்டாய தர்மமான ஜகாத்திலும் இந்தச் சொல் வருகிறது. மழையிலோ ஊற்றிலோ தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒரு பங்கு. லெபனான், பாலஸ்தீனச் சந்தைகளில் மானாவாரித் தக்காளியை இன்றைக்கும் 'பஅலீ' என்றுதான் விற்கிறார்கள். வேதாரண்யம் பக்கத்துக்காரர் சொத்து விவரம் சொல்லும்போது "வானம் பார்த்த பூமிம்மா" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி வில்லங்கம் பார்ப்பது. ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தால் அப்பன் பெயரும் சர்வே நம்பரும் பார்ப்போம் இல்லையா, அதே வேலைதான். சாத்தான் எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள். சாத்தன் நம் அய்யனாருக்குள்ள பழைய பெயர், சங்கப் புலவர்கள் பலருக்கும் அந்தப் பெயர் இருந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அய்யனாரைச் சாத்தானோடு சேர்த்துப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஈஸ்டர் பாபிலோன் தேவி இஷ்தார் என்று வாட்ஸாப்பில் வருஷாவருஷம் வரும். அதுவும் தவறு. ஈஸ்டர் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல், எட்டாம் நூற்றாண்டிலேயே பீட் என்ற ஆங்கிலத் துறவி அதன் மூலத்தை எழுதி வைத்திருக்கிறார். செமித்தியச் சொல் வேண்டுமென்றால் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் வாயிலேயே இருக்கிறது: பாஸ்கா. யூதர் பண்டிகையின் எபிரேயப் பெயரான பெசாக் கிரேக்கம் வழியாக வந்தது.

கடைசியாக, தெய்வமே சொல்லான ஒன்று. ஈராக்கில் வேலை பார்த்துத் திரும்பிய எதிர்வீட்டுத் தம்பியிடம் அங்கே ஜூலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "தம்மூஸ்க்கா" என்றான். அது ஒரு தெய்வத்தின் பெயர். சுமேரியாவில் துமூசி, ஆட்டிடையன், இஷ்தாரின் காதலன். கோடையில் அவன் பாதாளத்துக்குப் போனான் என்று பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். எருசலேம் கோயில் வடக்கு வாசலிலேயே அவனுக்காகப் பெண்கள் அழுததை எசேக்கியேல் 8:14 சொல்கிறது. அவனுக்கு உறவான அதோனிஸ் என்ற தெய்வத்துக்குக் கிரேக்கப் பெண்கள் ஓட்டுத்துண்டுகளில் விதை முளைக்க வைத்துத் தண்ணீரில் விடுவார்கள். அந்தப் பெயரும் செமித்தியச் சொல்தான், 'அதோன்' என்றால் ஆண்டவன்.

ஆடியில் நம் பெண்கள் முளைப்பாரியை ஆற்றில் விடுவது உடனே கண்ணுக்குள் வரும். எனக்கும் வந்தது. அதை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி, மேலே இப்படிக் குறித்திருக்கிறேன்: 'வழக்கம் ஒத்திருக்கிறது. சொல்லுக்குத் தொடர்ச்சி இல்லை. பென்சில்.'