வீட்டை ஒத்திக்கு எடுக்கும் முன்: பணம் கைமாறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

ஊருக்கு ஊர் ஒத்தி, போக்கியம், லீஸ் என்று பெயர் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான். ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. சட்டப்படி இது வாடகை அல்ல, அடமானம். வீட்டுக்காரர் உங்களிடம் கடன் வாங்கி, வட்டிக்குப் பதிலாக வீட்டை உங்கள் அனுபவத்துக்கு விடுகிறார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 59-ஆம் பிரிவின்படி அசல் 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பத்திரம் பதிவாக வேண்டும். சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். பலர் இதை 11 மாத வாடகை ஒப்பந்தமாக ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தத் தாள் பணம் கொடுத்ததைக் காட்ட உதவலாம். வீட்டின் மேல் உங்களுக்கு எந்தப் பிடியும் தராது.

முதல் வேலை வில்லங்கம் பார்ப்பது, அதாவது வீட்டின் மேல் பதிவாகியுள்ள விற்பனை, அடமானம் போன்றவற்றைப் பார்ப்பது. சர்வே எண்ணையும் பத்திர எண்ணையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்குப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் அடிமனை சர்வே எண்ணுக்கும் சேர்த்துப் பாருங்கள். பிறகு மூலப் பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகல் மட்டும்தான் இருக்கிறது, அசல் பீரோவில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது என்று இழுத்தால், அது வங்கியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடன் இருக்கும் வீட்டில்தான் ஒத்திப் பணம் அதிகம் மூழ்குகிறது. வில்லங்கச் சான்றில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் கொடுத்தது) என்று ஒரு பதிவு இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்றால் கடன் இன்னும் அடையவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் உங்கள் அடமானம் வங்கிக்குப் பின்னால்தான் நிற்கும். குத்தகை என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது: அடமானத்தில் உள்ள கட்டடத்தைக் கடன் வாங்கியவர் குத்தகைக்கு விடுவதற்கு அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. முன்பணமாக மொத்தத் தொகை வாங்கக் கூடாது, மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. தவணை நின்றால் வங்கி, அடமானச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அது வீட்டுக்காரர் பெயருக்குப் போகும். குடியிருப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் வீட்டை வங்கி தன் வசம் எடுக்கும் சுவாதீன அறிவிப்பு கதவில் ஒட்டப்படும் அன்றுதான்.

கடன் பாக்கி உங்கள் தொகையைவிடக் குறைவு என்றால் ஒரு வழி உண்டு. பாக்கியை நீங்களே நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டி, வங்கி ரசீது பதிவான பிறகு உங்கள் பத்திரத்தைப் பதியலாம். பாக்கி அதிகம் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வாடகை எவ்வளவு மிச்சமானாலும் சரி.

அடுத்து, கையெழுத்துப் போடுபவர் யார் என்று பாருங்கள். வீட்டை வாடகைக்கு எடுத்தவரே வேறொருவருக்கு லீஸுக்கு விட்டு ஓடிப்போவதும் நடக்கிறது. பத்திரம், வீட்டு வரி ரசீது, ஆதார் மூன்றிலும் பெயர் பொருந்த வேண்டும். கூட்டுச் சொத்து என்றால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். பவர் ஏஜென்ட் வந்தால் பவர் பத்திரத்தில் அடமானம் வைக்கும் அதிகாரம் தனியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பத்திரம் எழுதும்போது ஒரு வரியை விடவே கூடாது: 'கெடு தேதியில் அசல் தொகையை ஒரே தவணையில் திருப்பித் தருகிறேன்.' வெறும் அனுபவ அடமானத்தில் பணம் கேட்டு வழக்குப் போடவோ வீட்டை விற்கக் கேட்கவோ வழியில்லை. பணம் வரும்வரை வீட்டில் இருக்கலாம், அவ்வளவே. இந்த வாக்குறுதி இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் வசூல் கேட்கலாம். வீட்டு வரி வீட்டுக்காரருடையது, மின் கட்டணமும் பராமரிப்பும் உங்களுடையது என்றும் எழுதுங்கள். வரி பற்றி எழுதாமல் விட்டால் சுவாதீனத்தில் இருப்பவர் தலையில் விழும். குடிபோகும் நாளின் மீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி வீட்டை அனுபவத்துக்கு விடும் சுவாதீன அடமானத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு 25,000 ரூபாய். மூன்று வருடக் கெடுவில் பிரித்தால் மாதம் 700 ரூபாய்கூட வராது. இந்தச் செலவுக்குப் பயந்துதான் வெள்ளைத்தாளில் ஐந்து லட்சத்தை விடுகிறார்கள். செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று பேசினால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

பணத்தை வங்கி வழியாக மட்டுமே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்குபவருக்கு. பதிவு நாளன்று காலையில் வில்லங்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, காலி செய்யப்போவதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்து ஒத்திக்கு வரும் ஆள் பணம் கொடுத்ததும் தருகிறேன் என்பார்கள். தரட்டும், ஆனால் தொகை உங்கள் கணக்கில் ஏறும்வரை சாவியைக் கொடுக்க வேண்டாம். ஏறியதும் அன்றே ரசீது ஆவணம் பதிந்து, அடமானத்தை வில்லங்கத்திலிருந்து தீர்த்துக் கொடுத்துவிடுங்கள்.