நாயோடு வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? ஓசூர்ப் பக்கம் பலரும் சறுக்கும் இடங்கள்

ஓசூரில் வாடகை வீட்டுக்குப் பஞ்சமில்லை. சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்களை நம்பியே மத்திகிரி, பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு பக்கமெல்லாம் மாடி போர்ஷன்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கூடவே ஒரு நாய் இருக்கிறது என்றதும், "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று போனை வைத்துவிடுவார்கள். அதோடு சரி.

இப்படி நாலு இடத்தில் கேட்டு அலுத்துப்போனவர்கள் செய்வதுதான் பெரிய தவறு: சொல்லாமலே குடியேறிவிடுவது. இங்கே பெரும்பாலும் ஓனர் கீழ் வீட்டிலேயே இருப்பார். புது இடம் பிடிபடாமல் நாய் முதல் ராத்திரியே குரைக்கும். அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு காலி செய்யச் சொன்னால் அலைச்சலும் நஷ்டமும் நமக்குத்தான்.

புரோக்கர் வாய்வார்த்தையை நம்புவதும் கிட்டத்தட்ட அதே தவறுதான். "அதெல்லாம் நான் பேசிட்டேன் சார்" என்பார். என்ன பேசினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஓனர் மனதில் ஒரு குட்டி பொமரேனியன் இருக்கும். நீங்கள் லாப்ரடாரோடு போய் இறங்குவீர்கள். கமிஷன் கைமாறுவதற்கு முன்பே நேரில் போய் நாய் என்ன ஜாதி, என்ன வயசு, எவ்வளவு பெரிசு என்று சொல்லிவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டுவருவதைக் காட்டும் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் நன்றாக நடக்கவிட்டு, களைத்துப்போன நேரமாகப் பார்த்து, நாயையும் ஒருமுறை காட்டிவிடலாம்.

அந்த நேரத்தில் ஓனரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். முடிவு பெரும்பாலும் வீட்டம்மா கையில் இருக்கும். அவர் கேட்கும் கேள்வியும் வேறு. "காலையில வாசல் தெளிச்சு கோலம் போட்டிருப்பேங்க, உங்க நாய் வந்து காலைத் தூக்குமா?" சிரித்து மழுப்பினால் வீடு போச்சு. எத்தனை மணிக்கு வெளியே கூட்டிப் போவீர்கள், வாசலைத் தாண்டும்வரை கயிற்றை எப்படிப் பிடிப்பீர்கள், கழிவை அள்ளக் கையில் கவர் இருக்குமா, மாடிப்படியில் விழும் முடியை யார் பெருக்குவார்கள் என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "எங்க நாய் ரொம்ப சாது" என்று பத்து தடவை சொல்வதைவிட இது பலிக்கும். பக்கத்து போர்ஷனில் கைக்குழந்தையோ, நாய்க்குப் பயப்படும் பெரியவரோ இருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு ரகம். பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்த பதினோரு மாத ஒப்பந்தத்தில், 'செல்லப் பிராணிகள் வளர்க்கக் கூடாது' என்ற வரி அப்படியே கிடக்கலாம். ஓனர் வாயால் சரி என்றிருந்தாலும் அந்த வரியை அடித்து, அனுமதி உண்டு என்று எழுதி, இருவரும் கையெழுத்திடுவதுதான் பாதுகாப்பு. சாவி வாங்கும் அன்றே கதவின் அடிப்பக்கம், தரை, கொசுவலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நாய் பிறாண்டுவது அந்த இடங்களில்தான். காலி செய்யும்போது பழைய கீறலுக்கும் சேர்த்து அட்வான்ஸில் பிடிக்க முடியாது.

அட்வான்ஸ் என்றதும் ஒன்று. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. 'வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால்' என்பதில்தான் சூட்சுமம். நாய்க்கென்று கூடுதலாகக் கேட்டால், எந்தச் சேதத்துக்கு அதில் பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். மீன் தொட்டிக்கு யாரும் இப்படிக் கேட்பதில்லை, என்ன செய்ய!

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓனரிடம் சண்டைக்குப் போவதும் வேண்டாம். அடுக்குமாடிச் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கு எடுத்தாலும் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மை. அது சங்கங்களுக்குச் சொன்னது. தனி வீட்டுக்காரர் தன் வீட்டை யாருக்கு விடுவது என்பதில் அதைக் காட்டிப் பிரயோஜனமில்லை.

வீட்டை நாயின் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள். வாடகை குறைவு என்று மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையைப் பிடித்தால், குளிர்ச்சிக்குப் பேர்போன ஓசூரிலேயே சித்திரை மத்தியானம் உள்ளே நிற்க முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரியில் கேட்கவே வேண்டாம். பூனை வைத்திருப்பவர்கள் பால்கனிக்கு வலை அடிக்க அனுமதி கேட்டுக்கொண்டால் போதும்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டித் தோட்ட வீடு பார்க்கிறவர்கள், "இடம் தாராளம், வெளியே கட்டிப் போடலாம்" என்று மயங்கிவிடுகிறார்கள். காட்டோரத்தில் ராத்திரி வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. அக்கம்பக்கத்தில் பொழுது சாய்ந்ததும் நாயை எங்கே அடைக்கிறார்கள் என்று கேளுங்கள். நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஓனர் கறாராகச் சொன்னால், அங்கே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.