குவாண்டம் நிச்சயமின்மை எங்கே தொடங்குகிறது? மூன்று போலராய்டு தாள்களில் பார்க்கலாம்

அணு, ஒளி அளவிலான நுண்ணுலகில் சில அளவீடுகளின் விடையை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. இதுதான் குவாண்டம் நிச்சயமின்மை. அளக்கும்போது துகளைத் தட்டிவிடுகிறோம், அதனால்தான் நிச்சயமின்மை வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 1927இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கே கிட்டத்தட்ட அப்படித்தான் விளக்கினார். ஆனால் அதன் வேர் அங்கே இல்லை. மூன்று போலராய்டு தாள்களும் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள்) ஒரு டார்ச்சும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1. டார்ச்சுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒளி பாதிக்கும் சற்றுக் குறைவாகும். தாண்டி வருவது ஒரே திசையில் அதிரும் ஒளி. அதைச் செங்குத்து என்று வைத்துக்கொள்வோம்.

படி 2. இரண்டாம் தாளை அதே திசையில் வைத்தால் ஒளி தாண்டும், 90 டிகிரி திருப்பினால் இருட்டு. ஆக, "செங்குத்தா, கிடைமட்டமா?" என்று கேட்டால் இந்த ஒளியிடம் உறுதியான பதில் உண்டு.

படி 3. அதே தாளை 45 டிகிரிக்குத் திருப்புங்கள். பாதி வரும். இதுவரை பழைய அலைக் கணக்கே போதும். இனி ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒளியின் ஒவ்வொரு துகளாக, அனுப்புவதாக எண்ணுங்கள் (இதற்கு ஆய்வகம் வேண்டும்). ஃபோட்டான் பாதியாக உடையாது. தாண்டும், இல்லையேல் தாண்டாது. எல்லாமே ஒரே மாதிரி தயாரானவை, இருந்தும் எது தாண்டும் என்று சொல்ல முடியாது. நிகழ்தகவு மட்டும் தெரியும்: கோணத்தின் கொசைன் வர்க்கம். 45 டிகிரிக்கு 1/2, 30 டிகிரிக்கு 3/4. இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1926இல் தந்த விதி இதற்கு அடிப்படை.

ஏன் இப்படி? செங்குத்து நிலை என்பதே, 45 டிகிரி வலப்பக்கச் சாய்வும் இடப்பக்கச் சாய்வும் சமமாகக் கூடிய நிலை. "செங்குத்தா, கிடைமட்டமா?" என்ற முதல் கேள்விக்குப் பதில் உறுதியாக இருப்பதாலேயே, "வலச்சாய்வா, இடச்சாய்வா?" என்ற இரண்டாம் கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. ஃபோட்டான் இரண்டாம் தாளை இன்னும் தொடவே இல்லை, கவனியுங்கள்!

படி 4. முதல் தாளுக்குக் குறுக்காக ஒன்றை வைத்து இருட்டாக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் 45 டிகிரியில் மூன்றாவதைச் செருகுங்கள். தடுப்பு கூடியும் ஒளி வருகிறது. குறையில்லாத தாள்களானால் டார்ச் ஒளியில் 1/8. நடுத்தாளைத் தாண்டியதும் ஒளிக்குச் சாய்வுதான் உறுதி, "செங்குத்து" என்ற பழைய பதில் செல்லாது.

படி 5. ஃபோட்டானுக்குள் பதில் ஒளிந்திருக்கலாமே என்று தோன்றும். நியாயமான சந்தேகம். அதைச் சோதிக்கும் வழியை இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் காட்டினார். ஆஸ்பே, கிளவ்சர், சைலிங்கர் ஆகியோருக்கு 2022இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த சோதனைகள், அந்தந்த இடத்திலேயே ஒளிந்திருக்கும் பதில்களுக்கு எதிராகவே அமைந்தன. தொலைவு பாராமல் ஒன்றையொன்று பாதிக்கும் மறைவிவரங்களுக்கு (ஒளிந்திருக்கும் பதில்களுக்கு), 1952இல் இயற்பியலாளர் டேவிட் போம் முன்வைத்தது போல, இன்னும் இடமுண்டு. அதற்குக் கொடுக்கும் விலை அதிகம் என்பது என் எண்ணம்.