காரைக்குடி பக்கத்து காலேஜ் லைப்ரரியில இருந்தே வெளிநாட்டு சயின்ஸ் லைப்ரரிகளோட சேந்து வேல பாக்குறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுத்துவட்டாரத்துல இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக், சயின்ஸ் காலேஜ் லைப்ரரியில வேல பாக்குற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்குறது, "அண்ணே, வெளிநாட்டுல யாராச்சும் நமக்கு உதவி பண்ணுவாங்களா"ன்னு. பண்ணுவாங்க. ஆனா புக்கு குடுங்க காசு குடுங்கன்னு மெயில் போட்டா பெரும்பாலும் பதில் வராது, வந்தாலும் பழைய எடிஷன் கம்ப்யூட்டர் புக்கா பெட்டி பெட்டியா வந்து இறங்கும், அத கஸ்டம்ஸ்ல இருந்து எடுக்குற செலவுக்கு நாலு நல்ல புதுப் புத்தகமே வாங்கிரலாம். அதனால யாராச்சும் டொனேஷன்னு சொன்னா மொதல்ல லிஸ்ட் அனுப்பச் சொல்லுங்க, எந்த வருஷத்து எடிஷன்னு பாருங்க, வேண்டாம்னா தயங்காம வேண்டாம்னு சொல்லுங்க.

ஊர் தாண்டிக் கேக்குறதுக்கு முன்னாடி நம்ம நாட்டுலயே என்ன கெடைக்குதுன்னு பாத்துருங்க. 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், யு.ஜி.சி.யோட லைப்ரரி நெட்வொர்க் மையமான இன்ஃப்ளிப்நெட்தான் நடத்துது. அரசு காலேஜா இருந்தா உங்க பேரு அதுல இருக்கான்னு மொதல்ல பாருங்க. சுயநிதி காலேஜ் மொதல் கட்டத்துல வரல, அவங்களுக்குத்தான் கீழ சொல்றது ரொம்ப உதவும். இன்னொண்ணு, ரிசர்ச்ஃபோர்லைஃப்னு ஐ.நா. அமைப்புகளும் பப்ளிஷர்களும் சேந்து வளரும் நாடுகளுக்கு ஜர்னல் குடுக்குற திட்டம், ஹினாரி (மருத்துவம்), அகோரா (விவசாயம்) எல்லாம் அதுக்குள்ளதான் வரும், கேள்விப்பட்டு அப்ளை பண்ணக் கெளம்பிறாதீங்க, இந்தியா அந்தப் பட்டியல்ல இல்ல.

ஒரு ப்ரொஃபசருக்கு ஒரே ஒரு பேப்பர் வேணும்னு வைங்க. மொதல்ல அன்பேவால் (ஓசியா கெடைக்குற காப்பி எங்க இருக்குன்னு சட்டப்படி தேடிக் குடுக்குற கருவி) போட்டுப் பாருங்க, ஆய்வாளருங்க பேப்பர ஓசியா ஏத்தி வைக்குற ஆர்க்கைவ் (arXiv) தளத்துல பாருங்க (1991ல இருந்து இருக்கு, ஃபிசிக்ஸ், மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நெறைய அங்கயே ஆப்டுரும்), அணுசக்தி சம்பந்தப்பட்டதுன்னா சர்வதேச அணுசக்தி முகமையோட ஐனிஸ், விவசாயம்னா எஃப்.ஏ.ஓ.வோட அக்ரிஸ், ரெண்டும் ஓசி. எங்கயும் இல்லன்னா எழுதுனவருக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க, பல பேர் சந்தோஷமா அனுப்புவாங்க. அதுவும் தோத்துப்போச்சுன்னா 2020 கொரோனா நேரத்துல இஃப்லாவோட (உலக லைப்ரரி சங்கங்களோட கூட்டமைப்பு) ஒரு பிரிவு ஆரம்பிச்ச ஆர்.எஸ்.சி.வி.டி.ங்குற பகிர்வுச் சேவை இருக்கு, லைப்ரரி சார்பா ரிக்வெஸ்ட் போட்டா உலகத்துல எங்கயோ இருக்குற ஒரு லைப்ரரியன் வாலன்டியரா தேடி அனுப்புவாரு. ஒரு கட்டுரை, ஒரு சாப்டர், அவ்வளவுதான் கேக்கணும், முழுப் புத்தகத்தக் கேட்டு மானத்த வாங்காதீங்க.

நீங்களும் அதுல பதிஞ்சு மத்தவங்க கேக்குறத தேடிக் குடுக்கணும். நம்ம ஊர் மொய் நோட்டு மாதிரிதான் இது, போட்டாத்தான் நமக்கும் வரும். குடுக்குறதுக்கு முன்னாடி உங்க சந்தா ஒப்பந்தத்துல வெளி லைப்ரரிக்கு அனுப்பலாம்னு இருக்கான்னு படிச்சுக்குங்க.

"நம்மகிட்ட குடுக்க என்ன இருக்கு"ன்னு கேப்பீங்க. கோட்டையூர்ல சைன்போர்டு எழுதுற ஓவியரா இருந்த ரோஜா முத்தையா சேத்து வச்ச தமிழ்ப் புத்தகங்கள அவர் காலத்துக்கு அப்புறம் 1994ல சிகாகோ பல்கலைக்கழகம் வாங்குச்சு, ஆனா கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போகல, சென்னையில லைப்ரரியா வச்சு, மைக்ரோஃபிலிம் எடுத்து, இங்க உள்ளவங்க கையிலயே விட்டாங்க. அதுல சித்த மருத்துவப் புத்தகமும் நெறைய. அமெரிக்காவுல எவ்வளவு காசு இருந்தாலும் அந்தக் கலெக்ஷன அங்க உக்காந்து உண்டாக்க முடியாதுல்ல. இந்த மாதிரி உங்க பக்கத்துலயே ஏதாச்சும் இருக்கும். ஆத்தங்குடி டைல் செய்முறை, செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, இத வச்சு சிவில், கெமிஸ்ட்ரி பசங்க பண்ணுன ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் பீரோவுல தூசி புடிச்சுக் கெடக்குறத எடுத்து, ஆசிரியர் அனுமதி வாங்கி, ஸ்கேன் பண்ணி டிஸ்பேஸ்ல (டிஜிட்டல் களஞ்சியம் வைக்குற ஓசி சாஃப்ட்வேர்) ஏத்துங்க. தலைப்பும் சுருக்கமும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கட்டும். அப்புறம் இந்த மாதிரிக் களஞ்சியங்களோட உலகப் பட்டியலான ஓப்பன்டோர்ல பதிஞ்சுருங்க, ஜெர்மனி பீலஃபெல்ட் பல்கலைக்கழக லைப்ரரி நடத்துற பேஸ் தேடுபொறிக்கும் சொல்லிருங்க. டிஸ்பேஸ்ல ஓ.ஏ.ஐ. (தகவல வெளியில பகிர்ற வசதி) செட்டிங் சரியா இருந்தா அவங்களே தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் மாதிரி மெட்டாடேட்டாவ எடுத்துக்குவாங்க. எந்த எம்.ஓ.யு.வும் (புரிந்துணர்வு ஒப்பந்தம்) வேண்டாம், ஃபோட்டோ எடுத்து பேப்பர்ல போட வேண்டியதும் இல்ல.

அதவிட லேசான வழி கோஹா, லைப்ரரி நடத்துறதுக்கான ஓசி சாஃப்ட்வேர். நம்ம பக்கம் பாதி லைப்ரரியில அதான் ஓடுது, ஆனா அது நியூசிலாந்துல ஹொரோவெனுவாங்குற சின்ன மாவட்டத்து லைப்ரரிக்காக எழுதுனதுன்னு பலருக்குத் தெரியாது. பழைய சாஃப்ட்வேர் 2000ம் வருஷத்தத் தாங்காதுன்னு பயந்து புதுசா எழுதி, எல்லாரும் எடுத்துக்கட்டும்னு வெளிய விட்டாங்க. அதோட தமிழ் மொழிபெயர்ப்புல நீங்க தாராளமா கை வைக்கலாம், கோடிங் தெரிய வேண்டாம், நல்ல தமிழ் தெரிஞ்சாப் போதும். ஒரு பக் ரிப்போர்ட் ஒழுங்கா எழுதிப் போட்டா அதுவும் பங்களிப்புதான். இப்படி அறிமுகமாகுற ஆளுங்கதான் பின்னாடி நீங்க ஒண்ணு கேட்டா ஓடி வருவாங்க.

ஆளு புடிக்கணும்னா இஃப்லாவுல சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி லைப்ரரிகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, 1955ல இருந்து ஐயாட்டுல்னு டெக்னிக்கல் யுனிவர்சிட்டி லைப்ரரிகளோட சர்வதேச சங்கம் இருக்கு, அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு லைப்ரரியன்களுக்குப் பயிற்சி குடுக்குற மார்டென்சன் சென்டர் இருக்கு. மொதல் மெயில்ல "மதிப்பிற்குரிய மகாகனம்" ரேஞ்சுக்கெல்லாம் எழுதாதீங்க. நீங்க யாரு, எத்தன பசங்க, எந்த சப்ஜெக்ட், உங்ககிட்ட என்ன இருக்கு, அவங்ககிட்ட என்ன ஒண்ணே ஒண்ணு வேணும், அஞ்சாறு வரியில முடிச்சுருங்க. மொதல் தடவ சின்னதாக் கேளுங்க, ஸோட்டெரோ (மேற்கோள்கள ஒழுங்கு பண்ற சாஃப்ட்வேர்) பத்தியோ ரிசர்ச் டேட்டா பத்தியோ பசங்களுக்கு ஒரு மணி நேரம் ஆன்லைன்ல பேசுவீங்களான்னு. நமக்கு ராத்திரி 8 மணின்னா ஜெர்மனியில மத்தியானம் 3:30, வெயில் காலத்துல 4:30, அவங்க ஆபீஸ் நேரத்துலயே வந்துரும். ஆடி மாசம் கரண்ட் எப்படின்னு பாத்துட்டு டேட் குடுங்க.

இப்ப காசு விஷயம், இதுலதான் நம்ம பக்கம் வழுக்கி விழுவாங்க. சிங்கப்பூர், மலேசியாவுல இருக்குற சொந்தபந்தம் "நம்ம ஊர் லைப்ரரிக்கு நான் தர்றேன்"னு சொல்லும், கொடுக்குற கை நம்ம ஊர்ல எப்பவும் உண்டு, மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சமும் குடுத்ததாலதான். ஆனா இப்ப எஃப்.சி.ஆர்.ஏ.ன்னு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் இருக்கு. குடுக்குறவர் இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குற என்.ஆர்.ஐ.யா இருந்து, சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டுப் பங்களிப்புக் கணக்குல வராது. அதே ஆளு அந்த ஊர் குடியுரிமை வாங்கிட்டாருன்னா, தாத்தா பள்ளத்தூரா இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாம ட்ரஸ்ட் வாங்கக் கூடாது. ஆடிட்டரக் கேட்டுட்டு வாங்குங்க, கூச்சப்பட்டுக்கிட்டு பாஸ்போர்ட் கேக்காம விட்டுறாதீங்க.

கடைசியா, எல்லாக் கடிதப் போக்குவரத்தையும் லைப்ரரி பேர்ல ஒரு பொது மெயில் ஐடியில வைங்க, பாஸ்வேர்டு அசிஸ்டென்ட்டுக்கும் தெரியட்டும். உங்க சொந்த ஜிமெயில்ல நடத்துனா நீங்க ட்ரான்ஸ்ஃபராகி ராமநாதபுரம் போனதும் அங்க பீலஃபெல்ட்ல இருந்து வர்ற மெயிலும் உங்க பின்னாடியே வந்துரும், லைப்ரரிக்கு ஒண்ணும் மிஞ்சாது.