முகாமுக்கு முந்தின ராத்திரி சாயக் குண்டானை ஏற்றாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் குண்டான் இருக்கிறது. உள்பக்கம் முக்கால் உயரத்தில் பச்சையாக ஒரு வளையம். எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. 2023இல் எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தின் உள்பகுதியான மிட்லாண்ட்ஸ் பக்கம் நடந்த ஒரு ரக் ஹூக்கிங் முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, மாங்காய் டிசைனுக்கு வேண்டிய கம்பளித் துணியை அதில் போட்டு எலக்ட்ரிக் ஸ்டவ்வில் ஏற்றினேன். தண்ணீர் சூடேறி வரும் நேரத்தில் லோட் ஷெடிங். இரண்டரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும், போன நேரத்தைப் பிடிக்கிற அவசரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அப்புறம் சீக்கிரம் ஆறட்டும் என்று குழாயடியில் காட்டி, பலங்கொண்ட மட்டும் பிழிந்தேன். காலையில் பார்த்தால் துணி பாதியாகச் சுருங்கித் தடித்துக் கிடந்தது. இப்போது அது சூடான சட்டி இறக்கிவைக்க உதவுகிறது.

ரக் ஹூக்கிங் என்றால் ஒன்றுமில்லை: கம்பளித் துணியை நாடா நாடாவாக வெட்டி, இடைவெளி விட்டு நெய்த அடித்துணி வழியாகக் கொக்கியால் வளைய வளையமாக இழுத்து ஜமுக்காளம் செய்வது. 19ஆம் நூற்றாண்டில் கனடாவின் கிழக்குக் கரையிலும் நியூ இங்கிலாந்திலும் வளர்ந்த கைவேலை. பழைய துணிதான் மேல்பக்கம், பழைய கோணிச் சாக்குதான் அடித்துணி. இதை ஆயாவிடம் சொன்னபோது, “தரையில விரிக்கக் கோணி போதாதா, அதுக்கு மேல கம்பளி வேற எதுக்கு?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, என் பச்சைத் துணிக்கு என்ன ஆயிற்று? கம்பளி இழையின் மேல் மீன் செதில் போலக் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சுடுதண்ணீரில் போட்டுக் கிளறினாலும் கசக்கினாலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். திடீரென்று சூடும் குளிரும் மாறினால் இன்னும் மோசம். மாட்டிய செதிலைத் திரும்பப் பிரிக்க முடியாது. அதனால் சூடு மெல்ல ஏற வேண்டும், மெல்ல இறங்க வேண்டும். ஆவி பறக்கலாம், கொதித்துக் குமிழி வரக் கூடாது. 85 டிகிரி வாக்கில் முக்கால் மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து, மூடிபோட்டு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் போதும். கேஸ் அடுப்பு இருந்தால் அதில்தான் வையுங்கள்.

இதே சுருக்கம் அளவாக இருந்தால் நல்லது என்பதுதான் வேடிக்கை. சாயம் முக்குவதற்கு முன்பே துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தடவை அலசினால் நெசவு கொஞ்சம் இறுகும்; பிறகு நாடாவாக வெட்டும்போது ஓரம் நூல் நூலாகப் பிரியாது. இறுகுவது வேண்டும், கட்டியாவது வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் ஏதோ ஒரு சாயப் பாக்கெட்டை எடுத்துவந்துவிடுகிறார்கள். பருத்திக்கான சாயத்தில் பலவற்றுக்குச் சோடா சேர்க்கச் சொல்லியிருக்கும். அந்தச் சோடாவின் காரத்தன்மை கம்பளியை அரித்துவிடும். கம்பளிக்கு வேண்டியது ஆசிட் டை, அதாவது அமிலத்தோடு சேர்ந்து பிடிக்கிற சாயம். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அந்த ஆசிட் நம் சமையலறை வெள்ளை வினிகர்தான். 100 கிராம் துணிக்கு 1 கிராம் பொடி போட்டால் நடுத்தர நிறம் வரும். அரை கிராம் என்றால் வெளிறிய நிறம், 2 கிராம் என்றால் நல்ல அடர்த்தி. கால் கப் வினிகர் போதும். ஆனால் அதை முதலிலேயே ஊற்றாதீர்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் சாயம் பட்ட இடத்தில் பாய்ந்து பிடித்துக்கொண்டு திட்டுத்திட்டாகிவிடும். சாயம் துணி முழுக்கப் பரவிய பிறகு, துணியை ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள். கடைசியில் குண்டானில் தண்ணீர் தெளிந்திருந்தால் சாயம் எல்லாம் துணிக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

காய்ந்த துணியை நேராகச் சாயத்தில் போடுவது இன்னொரு தவறு. அரிசியை ஊறவைக்காமல் இட்லிக்கு அரைப்போமா? இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்ட தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் ஊறட்டும். பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். சாயம் வைத்த பாத்திரத்தில் சமைக்கவே கூடாது.

“நம்ம மஞ்சள் இருக்கும்போது சாயம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் கம்பளியில் அமோகமாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் நிற்காது. ஜன்னலோரம் விரித்த ஜமுக்காளம் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். மேலும், ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, காரமான சலவை சோப்பு பட்டால் உங்கள் மஞ்சள் பூவும் அப்படித்தான் சிவக்கும். வீட்டுச் சரக்குதான் வேண்டும் என்றால் படிகாரம் கரைத்த சுடுதண்ணீரில் முன்பே வைத்தெடுத்த கம்பளியில் வெங்காயத் தோலைப் போடுங்கள். தங்க நிறம் வரும், மஞ்சளைவிட நாள்படும்.

பழைய துணிக் கடையில் கோட்டோ பாவாடையோ வாங்கினால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர் மாதிரிச் செயற்கை இழை கலந்தது. பள்ளிக்கூட பிளேசர்களில் இது அதிகம், அதில் சாயம் பாதிதான் ஏறும்.

முகாமில் நான் பார்த்த கண்ணீரில் பெரும்பகுதி நிறத்துக்காக அல்ல, அளவுக்காக. ஒரு இடத்தை நிரப்ப அதைப் போல நான்கு மடங்கு துணி வேண்டும். அதாவது துணியை நாலாக மடித்து டிசைன் மேல் வைத்தால் இடம் மறைய வேண்டும். வளையங்களை உயரமாக இழுப்பவர்களுக்கு ஐந்து மடங்குகூட ஆகும். பின்னணிக்கு நடுவில் துணி தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது குதிரைக்கொம்பு. அளந்து போட்ட சாயமே இரண்டாவது குண்டானில் ஒரு சாயல் மாறும். அதனால் பின்னணித் துணி முழுவதையும் ஒரே நாளில், கொஞ்சம் கூடுதலாகவே முக்குங்கள். அது சற்றுத் திட்டுத்திட்டாக வந்தால் கவலை வேண்டாம்; வானத்துக்கும் புல்லுக்கும் அதுதான் அழகு.

ஈரத்தில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள், காய்ந்தால் வெளிறும். காய்ந்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். மாங்காயும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பச்சையும் சிவப்புமாக இருந்தாலும் தரையில் போட்டதும் டிசைன் கரைந்துவிடும். இதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் இன்னொரு குண்டான் வைக்க நேரமிருக்கும்.

அடித்துணிக்குக் கோணி வேண்டாம், சில வருடங்களில் காய்ந்து நொறுங்கும், லினன் வாங்குங்கள். டிசைனைச் சுற்றி நான்கு அங்குலம் விட்டு, ஓரத்தைத் தைத்துவிடுங்கள். டிசைனின் எல்லைக் கோடுகளை அடித்துணியின் இழை போகிற வழியில் நேராகப் போடுங்கள். எல்லாத் துணியையும் முன்கூட்டியே நாடாவாக வெட்டிவிடாதீர்கள். நாடா வெட்டும் இயந்திரத்தில் 3ஆம் எண் கத்தி என்றால் நாடாவின் அகலம் அங்குலத்தில் 3/32, 8ஆம் எண் என்றால் கால் அங்குலம். ஆசிரியர் அங்கே வேறு அகலம் சொன்னால் கையில் இருப்பது வீண். ஒவ்வொரு பையிலும் எத்தனை கிராம் பொடி, எத்தனை கிராம் துணி என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். ஜூலை எங்களுக்குக் குளிர்காலம், மிட்லாண்ட்ஸ் காலையில் உறைபனி விழும், விரல் விறைத்தால் கொக்கி நழுவும். விரல் நுனி வெட்டிய கையுறை ஒரு ஜோடியும், சொந்தமாக ஒரு மேசை விளக்கும் பையில் இருக்கட்டும்.